பக்கத்து நாட்டு வெளிச்சம்

வெளிச்சத்தை முதலில் பார்த்தவன் சென்றாயன். இதைக் கதையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு எந்தக் காகிதத்திலும் இது ஏறவில்லை.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறேகால் மணி இருக்கும். வாழவந்தி நாட்டில், தன் மிளகுத் தோட்டத்து மேட்டில் சென்றாயன் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றான். எதிர்மலையை மூடுபனி முழுசாக விழுங்கியிருந்தது. அந்த வெள்ளைக்குள், கீழே தரையும் இல்லாமல் பக்கத்தில் மரமும் இல்லாமல், ஆகாயத்தில் மூன்று வெளிச்சங்கள் தொங்கின. ஒன்று மெல்ல மேலே ஏறியது. இன்னொன்று இறங்கியது. நடுவில் இருந்தது நின்ற இடத்திலேயே தலையாட்டியது. பீடி விரலைச் சுடும்வரை பார்த்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து மனைவி பெருமாயியிடம் சொன்னான்.

பெருமாயி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அது எந்தம்பி செல்லமுத்துங்க," என்றாள். "மிளகு பறிக்க ஆளு கெடைக்கலைன்னு நெத்தியில கட்டற லைட்டு மூணு வாங்கியிருக்கான். அவனும் அவன் பொண்டாட்டியும் கொழுந்தியாளும் பொழுது எறங்குன பொறவும் மரத்துலயேதான் இருக்கறாங்களாம். பனியில மரம் தெரிஞ்சிருக்காது, லைட்டு மட்டும் தெரிஞ்சிருக்கும். நம்ம கொடியிலயும் பழுத்து உதிருதுங்க. நாமளும் ரெண்டு லைட்டு வாங்கிக் கட்டிக்கிட்டு ஏறுனா என்னங்க?"

சென்றாயனுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆயுசில் ஒரே ஒருமுறை ஆகாயத்தில் அதிசயம் பார்த்தவனிடம், அது உன் மச்சான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? யாரிடமும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். அங்கேதான் அவன் கோட்டை விட்டது.

வெள்ளிக்கிழமை அதே மூன்று வெளிச்சங்களைக் குழந்தைசாமி பார்த்தார். குழந்தைசாமி சென்றாயனுக்குப் பங்காளி, பெரியப்பன் மகன். இரண்டு பேர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே வேலி. பாட்டன் பிரித்துக் கொடுத்தபோது பலாமரம் நின்ற பாதி அவருக்குப் போனது, பாறை நின்ற பாதி சென்றாயனுக்கு வந்தது. நாற்பது வருஷமாகப் பலா காய்க்கிறது. பாறையும் தன்னாலானதைச் செய்துகொண்டு சும்மா கிடக்கிறது. குழந்தைசாமிக்கு எதிர்மலையில் மச்சான் கிடையாது. ஆகவே அவர் வெளிச்சத்துக்கு விளக்கம் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நேராக மேட்டு கேம்ப்புக்கு நடந்தார்.

மேட்டின் மேலே இருக்கிற ராணுவ கேம்ப்பைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அங்கே ஒரு பெரிய வெள்ளைப் பந்து இருக்கிறது. பந்தைச் சுற்றி முள்கம்பி, முள்கம்பியைச் சுற்றிச் சிப்பாய்கள், சிப்பாய்களைச் சுற்றி மரவள்ளிக் காடு. பந்தைப் பார்க்கக் கூடாது என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசிப்பழம் வாங்குகிறவர்களுக்குக்கூடப் பந்து தெரியும், அவ்வளவு பெரியது. போர்டுக்கு மரியாதை கொடுத்து, அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருக்கிறார்கள்.

கேம்ப்பில் எழுபது சிப்பாய்கள் இருந்தும் ஒருவர்கூட வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. காவல் நிற்கிறவர்களுக்கு ரோட்டைப் பார்க்கத்தான் உத்தரவு. ஆகாயம் வேறு பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவு ஆறு மணிக்குச் சாப்பிடப் போய்விடும். அதனால் கேம்ப்புக்குக் குழந்தைசாமியின் இரண்டு கண்களும் உடனே தேவைப்பட்டன.

கமாண்டர் வடக்கே இருந்து வந்தவர். அவர் கேட்பதையும் ஊர்க்காரர்கள் சொல்வதையும் மாற்றிச் சொல்ல குணசேகரன் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், அடிவாரத்துக்காரர்.

"வெளிச்சம் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்கச் சொன்னார் கமாண்டர்.

"பக்கத்து நாட்டுல இருந்து வந்துச்சுங்க," என்றார் குழந்தைசாமி.

கொல்லிமலையில் நாடு என்றால் நாலைந்து ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். மலைமேல் பதினான்கு நாடுகள் இருக்கின்றன. வாழவந்தி நாட்டிலிருந்து பக்கத்து வளப்பூர் நாட்டுக்குப் போக ஓர் ஓடையைத் தாண்டினால் போதும். நனைய விருப்பமில்லாதவர்களுக்கு மினி பஸ் போகிறது. இதெல்லாம் அடிவாரத்தில் பிறந்த குணசேகரனுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்பு. வார்த்தைக்கு வார்த்தை அவர் பொறுப்பு. அர்த்தம் வேறு செக்‌ஷன். "அண்டை நாட்டிலிருந்து வந்ததாகச் சாட்சி கூறுகிறார்," என்று மாற்றிச் சொன்னார்.

கமாண்டர் நாற்காலியை விட்டு எழுந்தாராம். எழுந்து, குழந்தைசாமிக்குத் தன் நாற்காலியையே கொடுத்தாராம்.

அன்றிலிருந்து சென்றாயனுக்குப் பங்காளிக் காய்ச்சல் கண்டது. தினமும் காலையில் கேம்ப் ஜீப் வந்து குழந்தைசாமியின் வாசலில் இரண்டு முறை ஹாரன் அடித்தது. சென்றாயனின் பெயரைச் சொல்லி அவன் வாசலில் ஒரு கோழிகூட இதுவரை கூவியதில்லை. குழந்தைசாமியின் கழுத்தில் பச்சை நாடா, நாடாவில் அட்டை, அட்டையில் போட்டோ, போட்டோவுக்குக் கீழே "பிரதான சாட்சி". கேம்ப்பில் பீங்கான் கப்பில் டீயும் நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட்டும் தருகிறார்கள் என்று அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சொன்னார். செம்மேட்டுக்குப் போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு அவருக்கென்று ஆனது. பேச்சும் மாறிவிட்டது. சோறு போடட்டுமா என்று அவர் மனைவி கேட்டால் "நெகட்டிவ்" என்றார்; பசித்தால் "அபர்மேட்டிவ்ங்க" என்றார்.

"என்னோட வெளிச்சம் அது," என்றான் சென்றாயன் பெருமாயியிடம். "செவ்வாக்கெழமையே பாத்தேன். நீ மட்டும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் ஜீப்பு இந்த வாசல்ல நின்னிருக்கும்."

"அது என்னனு கேட்டீங்க, சொன்னேன்," என்றாள் பெருமாயி. "கீழ வந்து பாருங்க, மிளகு கொட்டிக் கெடக்குது. குருவி தின்னது போக மிச்சந்தான் நமக்கு."

அந்த வருஷம் கொடி நன்றாகப் பிடித்திருந்தது. சில்வர் ஓக் மரத்தில் நாற்பதடிக்கு ஏறிய கொடியில் மிளகு கொத்துக் கொத்தாகச் சிவந்து, பறிக்க ஆளில்லாமல் தானாக உதிர்ந்தது. வருஷத்துச் சாப்பாடே அந்த மரங்களில்தான் தொங்கியது. பெருமாயி ஒற்றை மூங்கில் ஏணியைத் தனியாகத் தூக்கிச் சாத்தி, எட்டின மட்டும் பறித்தாள். ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் இல்லை. ஏணியைப் பிடிக்க வேண்டியவன் கேம்ப் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

வாசலில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் குணசேகரன்.

"நான் செவ்வாக்கெழமையே பாத்தனுங்க," என்றான் சென்றாயன்.

குணசேகரன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை வெளிச்சம் இல்லீங்களே. வெள்ளிக்கிழமைதான் ஆரம்பிக்குது."

"என்ற கண்ணால பாத்தனுங்க."

"பதிவு இல்லாமப் பாத்தா அது பாத்ததுல சேராதுங்க. ஒண்ணு செய்யலாம். உப சாட்சின்னு ஒரு பிரிவு இருக்குது. இந்தப் படிவத்தை நிரப்பிட்டு வாங்க."

படிவம் ஒன்பது பக்கம். வெளிச்சம் நுழைவு அனுமதி வைத்திருந்ததா என்று முதல் கேள்வி. வெளிச்சம் பார்வையாளரைப் பார்த்ததா என்று இரண்டாவது. பார்த்திருந்தால் என்ன நினைத்தது என்று மூன்றாவது. கடைசிப் பக்கத்தில், பார்வையாளருக்குக் கண் இருப்பதாக அடுத்த வேலிக்காரர் ஒருவர் சான்று தர வேண்டும் என்று இருந்தது. சென்றாயனுக்கு அடுத்த வேலிக்காரர் ஒருவர்தான். இன்னொரு பக்கம் பாறை.

குழந்தைசாமி வாசலில் உட்கார்ந்து பாலீஷ் போட்ட ஷூவை வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு படிவத்தை வாங்கினார். ஷூவும் கேம்ப் கொடுத்தது.

"ஏப்பா சென்றாயா, உனக்குக் கண்ணு இருக்கறது எனக்குத் தெரியாதா? ஆனா பாரு, நான் இப்ப பிரதான சாட்சி. கண்டபடி எழுதிக் குடுக்க முடியாது."

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா மாடு மேய்ச்சவங்கண்ணா."

"அது சிவிலியன் விசயம்," என்றார் குழந்தைசாமி. வெகுநேரம் யோசித்து, கடைசியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'இவருக்குக் கண் இருக்கிறது. பார்வை பற்றித் தெரியாது.'

அந்த ஒரு வரியைச் சென்றாயன் மேட்டில் ஏறும்போது ஏழு தடவை படித்தான். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. ஆனாலும் அது உதவியது. உப சாட்சி ஆகிவிட்டான். உப சாட்சிக்கு அட்டை கிடையாது, நாற்காலி கிடையாது. பெஞ்சும் காகிதக் கப்பில் டீயும் உண்டு, பிஸ்கட் இல்லை.

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து அதிகாரிகள், நடுவில் கமாண்டர். முதலில் அவர் பேசினார். குணசேகரன் வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொன்னார்.

"இந்த கேம்ப் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பந்தை இரவும் பகலும் காத்து வருகிறோம். பந்துக்குள் என்ன இருக்கிறது என்பது பாதுகாப்புக் கருதி எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிவிக்க வேண்டாம் என்று நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னோடு பயிற்சி பெற்றவர்கள் பனிமலையில் இருக்கிறார்கள், பாலைவனத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்று முறைக்கிறான். இவர்கள் திருப்பி முறைக்கிறார்கள். மார்பில் பதக்கம் ஏறுகிறது. சென்ற மாதம் ஒரு திருமணத்தில் என் நண்பனைச் சந்தித்தேன். அவன் நடந்து வந்தபோது பதக்கங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வந்தது. நான் நடந்தால் சத்தமே வருவதில்லை. என்னைச் சுற்றி இருப்பது மரவள்ளிக் கிழங்கு. கிழங்கு யாரையும் முறைப்பதில்லை."

இந்த இடத்தில் கமாண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குணசேகரனும், வார்த்தைக்கு வார்த்தை என்பதால், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்று கடவுள் நமக்கு ஓர் அண்டை நாட்டைத் தந்திருக்கிறார். சாட்சிகள் அச்சமின்றிப் பேசலாம்."

குழந்தைசாமி எழுந்து மூன்று வெளிச்சம் என்றார். அவர் உட்காருவதற்குள் சென்றாயன் எழுந்துவிட்டான்.

"அஞ்சுங்க."

மேசைக்குப் பின்னால் பேனாக்கள் அசைந்தன. குழந்தைசாமி பாதி உட்கார்ந்தவர் மறுபடியும் எழுந்தார். "நான் சொன்ன மூணு, பெருசு மட்டுங்க. சிறுசையும் சேத்தா ஏழு வருமுங்க."

"அதுல ஒண்ணு என்னையப் பாத்துத் தலையாட்டுச்சுங்க," என்றான் சென்றாயன்.

எண்ணிக்கைப் போட்டி என்றால் ஏழை எட்டாக்கினால் போதும். ஆனால் தலையாட்டலுக்கு மேலே போகக் குழந்தைசாமியிடம் ஒன்றும் இல்லை. அவர் முகம் சுண்டியதைப் பார்த்தபோது சென்றாயனுக்குள் பத்து நாளாக எரிந்த இடத்தில் இளநீர் இறங்கியதுபோல இருந்தது.

"தலையாட்டியது பகையாகவா, நட்பாகவா?" என்று கேட்டார் கமாண்டர்.

"சொந்தக்காரங்க ஆட்டற மாதிரி இருந்துச்சுங்க."

"அண்டை நாட்டில் உமக்குச் சொந்தம் உண்டா?"

"எம் பொண்டாட்டியே அந்த நாடுதானுங்க."

ஐந்து அதிகாரிகளும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த நாட்டுக்கு எத்தனை முறை போயிருக்கிறாய்? மாசத்துக்கு ரெண்டு தடவைங்க, கெடா வெட்டு இருந்தா மூணு. எல்லையை எப்படிக் கடப்பாய்? வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டுங்க. இரண்டு நாட்டுக்கும் பகை உண்டா? கல்யாணத்துல ரசம் பத்தலைன்னு ஒரு பேச்சு இருந்துச்சுங்க, இப்ப சரியாப் போச்சு. அந்த நாட்டின் தலைவர் யார்? ஊர்க்கவுண்டர் இருக்கறாருங்க, ஆனா மூட்டு வலி, வெளிய வர்றதில்லை.

"இப்படி எத்தனை நாடுகள் இருக்கின்றன?" என்று மெல்லிய குரலில் கேட்டார் கமாண்டர்.

"எங்களோட சேத்து பதினாலுங்க."

கமாண்டர் தண்ணீர் குடித்தார். "பதினான்கு," என்றார். "அவனுக்கு இருப்பது ஒன்று." அவருடைய நண்பனைத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. குணசேகரன் அதையும் மொழிபெயர்த்தார்.

மறுநாள் அண்டை நாட்டுப் பிரஜை என்ற முறையில் பெருமாயிக்குச் சம்மன் வந்தது. அவள் கையில் ஒரு மஞ்சள் பையோடு கேம்ப்புக்கு வந்தாள். பையிலிருந்து நெற்றியில் கட்டுகிற லைட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தம்பியிடம் வாங்கி வந்தது.

"இதானுங்க உங்க வெளிச்சம்," என்றாள். "எந்தம்பி ஊட்டுல மூணு பேரும் இதக் கட்டிக்கிட்டு மிளகு பறிக்கறாங்க. சந்தேகம்னா ஒருத்தரு எங்கூட வாங்க, மரத்தடிக்கே கூட்டிட்டுப் போறேன். டீ வெச்சுத் தருவாங்க."

லைட்டை ஐந்து அதிகாரிகளும் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் பித்தானை அமுக்கினார்; அது எரிந்தது. உடனே அணைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டார்.

கமாண்டரின் முகம் பரிதாபமாக ஆகிவிட்டது. "பத்தொன்பது ஆண்டுகளில் ஒன்றே ஒன்று வந்தது," என்றார். "அதையும் மிளகு என்கிறாள் இந்த அம்மாள். விளக்கம் கிடைத்துவிட்ட வெளிச்சத்தை ராணுவம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாளைக்குப் பந்துக்கும் யாராவது விளக்கம் சொல்வார்கள். பிறகு நாமெல்லாம் எங்கே போவது?" சென்றாயன் பக்கம் திரும்பினார். "இந்த அம்மாள் சொல்வதை உப சாட்சி ஏற்கிறாரா? மறுத்தால் அவர் பெயரை மேல்நிலைக்குப் பரிசீலிக்கலாம்."

பெருமாயி அவனைப் பார்த்தாள். குழந்தைசாமியும் பார்த்தார். அவர் கழுத்தில் அட்டை மின்விசிறிக் காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உலைப் பக்கத்தில் நின்று இதே விளக்கத்தைக் கேட்டவன் சென்றாயன். அவள் சொல்வது சத்தியம் என்று அந்த அறையில் அவளுக்கு அடுத்தபடி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் ஆம் என்று சொன்னால் வெளிச்சம் போய்விடும், பெஞ்சும் போய்விடும், குழந்தைசாமி மட்டும் அந்த ஷூவோடு வீட்டுக்குப் போவார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றான்.

குணசேகரன் ஒரு தாளை நீட்டினார். 'என் மனைவி பக்கத்து நாட்டைச் சேர்ந்தவர். அவர் சொல்வதை நான் நம்பத் தேவையில்லை.' சென்றாயன் கையெழுத்துப் போட்டான்.

கேம்ப் வாசலில் பெருமாயி அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. பையில் லைட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"என்னைய அந்நிய நாட்டுக்காரின்னு கையெழுத்துப் போட்டுட்டீங்க."

"அந்நியம்னு எழுதலை, பக்கத்துன்னுதான் எழுதியிருக்குது."

"சரீங்க. நான் எங்க நாட்டுக்கே போறேன். உங்க மரத்துல மிளகு உதிருது, எந்தம்பி மரத்துலயாச்சும் பறிக்கறேன். நம்ம ஊட்டுக்கு நான் வேணும்னா பாஸ்போட்டு எடுத்துக்கிட்டு வந்து கூப்புடுங்க."

ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள். மினி பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நேரடி ஆய்வு. குழு முழுவதும் மேட்டில் வரிசையாக நின்றது. ஆகாயப் பிரிவுக்கு அன்று மட்டும் ஏழு மணிக்குச் சாப்பாடு. பனி இறங்கியது. எதிர்மலை மறைந்தது. ஆறேகாலுக்கு முதல் வெளிச்சம் வந்தது, அதன் பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. கமாண்டர் தூரக்கண்ணாடியை இறக்கவே இல்லை.

நாலாவதாக ஒன்று வந்தது. மற்றவை ஏறிய வேகத்தில் அது ஏறவில்லை. ஒரு கை எட்டுகிற தூரம் ஏறும், நிற்கும், இடது பக்கமாகச் சாயும், மறுபடி ஏறும். பெருமாயி இடது கைக்காரி. இருபத்தாறு வருஷமாக அந்தச் சாய்வுக்குக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சென்றாயன். இப்போது அங்கே ஏணியைப் பிடித்திருப்பது யார்? செல்லமுத்துவாக இருக்கும். மச்சான்மேல் அதுவரை இல்லாத பொறாமை ஒன்று வந்தது. ஜீப்புக்காகவும் பிஸ்கட்டுக்காகவும் வந்த பொறாமையெல்லாம் வயிற்றில்தான் எரிந்தது. இது நெஞ்சில் வலித்தது.

"நான்கு," என்றார் கமாண்டர் பரவசமாக. "எதிரியின் பலம் கூடுகிறது. நான்காவதை அடையாளம் காட்ட முடிகிறவர் யார்?"

குழந்தைசாமி தூரக்கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

"அது எங்க ஊட்டு வெளிச்சமுங்க," என்றான் சென்றாயன். அவனை அறியாமலேயே சொல்லிவிட்டான்.

"அடையாளம் காணப்பட்டது," என்று மாற்றிச் சொன்னார் குணசேகரன்.

ராணுவத்தில் நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவதில்லை. அங்கேயே, அந்த மேட்டிலேயே, குழந்தைசாமியின் கழுத்திலிருந்து அட்டை கழன்று சென்றாயனின் கழுத்தில் விழுந்தது. போட்டோ மாற்ற அடுத்த ஆண்டுதான் ஒதுக்கீடு வரும் என்பதால், குழந்தைசாமியின் முகத்துக்குக் கீழே சென்றாயன் பெயரை ஒட்டினார்கள். சிப்பாய்கள் கை தட்டினார்கள். ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குழந்தைசாமி வெறுங்காலோடு நின்றார். பன்னிரண்டு நாளாக இந்தக் காட்சியைத்தான் சென்றாயன் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்து ரசித்தான். இப்போது அதைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. எதிரே நாலாவது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அடிமரம் வரை வந்து அணைந்தது.

"நான் ஓடையத் தாண்டிப் போயிட்டு வந்தர்றனுங்க," என்றான் குணசேகரனிடம். "சம்சாரத்தக் கூட்டியாரணும்."

குணசேகரன் அட்டையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் நாலாவது விதி இருந்தது. 'விசாரணை முடியும்வரை பிரதான சாட்சி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது.'

"எந்த நாட்டைங்க?"

"அர்த்தம் வேற செக்‌ஷனுங்க."

"விசாரணை எப்ப முடியுமுங்க?"

"வெளிச்சம் நின்னாத்தான் விசாரணை நிக்கும். கமாண்டர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்குது. அதுவரைக்கும் நிக்க விடமாட்டார்."

இறங்கி வரும் வழியில் குழந்தைசாமி கூடவே வந்தார். செருப்பில்லாத காலில் கல் குத்தியும் அவர் குரல் உற்சாகமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழமை செல்லமுத்து ஊட்டுல கெடா வெட்டாமப்பா. என்னையும் கூப்பிட்டிருக்கான். முன்னால அட்டை இருந்துச்சு, போக முடியாது. இப்பப் போலாம். பெருமாயிகிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?"

சென்றாயன் நடையை எட்டிப் போட்டான். கிடாக்கறியை நினைத்து அல்ல. இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை பெருமாயியின் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் சோறு போடுவாள், போதுமாங்கண்ணா என்று கேட்பாள். பலாமரம் போனபோதுகூட அவனுக்கு இப்படி ஆனதில்லை.

வியாழக்கிழமை ஜீப் வந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது. சென்றாயன் போகவில்லை. பகல் முழுக்க உதிர்ந்ததைப் பொறுக்கினான். பொழுது சாய்ந்ததும் டார்ச் லைட்டைத் துண்டால் நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏணியைத் தானே சாத்தி, தானே ஏறினான். பிடிக்க ஆள் இல்லாத ஏணி எப்படி ஆடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாள் அவள் இதில் தனியாக நின்றிருக்கிறாள். உச்சிக் கொடியில் கை வைத்தபோது பனி இறங்கி, ஊரும் ஓடையும் மறைந்துபோயிருந்தன. கழுத்து அட்டை கொம்பில் மாட்டி மாட்டி இழுத்தது. எதிரே ஆகாயத்தில் நாலு வெளிச்சங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

நாலாவது நின்றது. இடது பக்கம் சாய்ந்திருந்தது நிமிர்ந்து, நேராக இந்தப் பக்கம் திரும்பி, சற்று நேரம் அவனையே பார்த்தது. சென்றாயன் தலையாட்டினான். நெற்றியில் டார்ச்சும் சேர்ந்து ஆடியது. அது பதிலுக்கு ஒன்றும் ஆட்டவில்லை. திரும்பி மிளகு பறிக்கப் போய்விட்டது. ஆனால் போகும்முன் பார்த்தது.

அப்போது கீழே வேலியோரம் தடதடவென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தான். குழந்தைசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவன் மரத்து உச்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, கேம்ப் மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

"சார்," என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு போனார். "புதுசா ஒண்ணுங்க. நம்ம நாட்டுலயே வந்திருச்சுங்க."

சென்றாயனுக்கு முதலில் பழக்க தோஷத்தில் வயிறு எரிந்தது. உள்நாட்டு வெளிச்சம் என்றால் சும்மாவா? அட்டை மறுபடி அவர் கழுத்துக்கே போய்விடும், நாற்காலியும் பிஸ்கட்டும் போய்விடும். அதற்குப் பிறகுதான், கொம்பில் மாட்டிய நாடாவை விடுவிக்கும்போது, நாலாவது விதியும் அட்டையோடு சேர்ந்து அவர் கழுத்துக்கே போய்விடும் என்பது உறைத்தது. பிறந்த நாளிலிருந்து முதல்முறையாக, பங்காளி நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தான்.

"அண்ணா," என்று மரத்து உச்சியிலிருந்து கத்தினான். "சீக்கரம் ஓடுங்க. ஆறரைக்கு ஜன்னலச் சாத்திருவாங்க."